கிராமத்துக்கு வர்ற காசு ஏன் தங்க மாட்டேங்குது? பக்கத்து பக்கத்து ஊருங்க கூட்டு சேர்றது பத்தி ஒரு எளிய விளக்கம்

பிரான்ஸுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் எல்லையில ஜூரான்னு ஒரு மலைப்பகுதி இருக்கு. அங்க கோம்தேன்னு ஒரு சீஸ் செய்றாங்க, வண்டிச் சக்கரம் மாதிரி பெரிய வட்டமா இருக்கும், ஒரு வட்டம் கிட்டத்தட்ட 40 கிலோ, அதுக்கு சுமார் 400 லிட்டர் பால் வேணும். இப்ப பழைய காலத்த நினைச்சுப் பாருங்க, வீட்டுல நாலஞ்சு மாடு கட்டியிருக்கறவருக்கு 400 லிட்டர் பால் எங்க இருந்து வரும்? தனியா ஒருத்தரால ஒரு வட்டம் கூட செய்ய முடியாது. ஆனா செஞ்சே ஆகணும், ஏன்னா அந்த மலையில பனிக்காலம் மாசக்கணக்கா நீளும், வெயில் காலத்துல கறக்கற பால சீஸா மாத்தி வச்சாத்தான் கெடாம நிக்கும். அதனால எல்லாரும் பால கொண்டு வந்து ஒரே இடத்துல ஊத்தினாங்க, யார் எவ்வளவு ஊத்தினாங்கன்னு குறிச்சு வச்சாங்க, அந்தக் கணக்குப்படி பிரிச்சுக்கிட்டாங்க. 13ஆம் நூற்றாண்டுல இருந்தே இதுக்கு எழுத்து ஆதாரம் இருக்கு, இன்னைக்கும் அதே பகுதியில சின்னச் சின்ன பால் கூட்டுறவுகளா அதே வேலை நடந்துக்கிட்டுதான் இருக்கு.

கிராமப் பொருளாதாரத்த பலப்படுத்தறது, வட்டார ஒத்துழைப்பு, சமூக மேம்பாடு, இந்த மாதிரி வார்த்தைங்கள கேட்டதும் நிறைய பேருக்கு கொட்டாவி வந்துடும், அது ஏதோ அரசாங்க ரிப்போர்ட்டுல வர்ற சமாச்சாரம்னு நினைச்சு விட்டுடுவாங்க. எனக்கும் ஆரம்பத்துல அப்படித்தான் இருந்துச்சு. ஆனா விஷயம் இந்த 400 லிட்டர் கணக்குதாங்க. தனி ஆளால, ஏன் தனி ஊரால கூட முடியாத ஒரு வேலைய, சுத்தி இருக்கற ஊருங்க சேர்ந்து எப்படி முடிக்கறது, முடிச்சு வர்ற காசு எப்படி அந்தப் பக்கத்துலயே நிக்கறது, அவ்வளவுதான்.

முதல்ல காசு கதைய பார்த்துடுவோம், ஏன்னா பல பேர் தப்பு பண்ற இடம் இதுதான். ஒரு கிராமம் ஏழையா இருக்குன்னா அங்க காசே வர்றதில்லன்னு நினைச்சுக்கறோம். உண்மையில பல கிராமத்துக்கு காசு வருது, விளைச்சல் வித்த காசு வருது, வெளியூர்ல வேலை பார்க்கற பிள்ளைங்க அனுப்பறது வருது, பென்ஷன் வருது, ஸ்கீம் பணம் வருது. வந்த காசு எத்தன கை மாறிட்டு வெளிய போகுதுங்கறதுதான் கேள்வி. ஓட்டை வாளியில தண்ணி ஊத்தற மாதிரி ஒரு பக்கம் வருது, இன்னொரு பக்கம் உரம் வாங்க போகுது, கடனுக்கு வட்டியா போகுது, மெஷின் ரிப்பேருக்கு டவுனுக்கு போகுது, வீட்டுச் சாமான் வாங்கவும் டவுனுக்குத்தான் போகுது.

ஒரு சின்ன கணக்கு போடுவோம். ஊருக்குள்ள 100 வருதுன்னு வச்சுக்கங்க. அதுல 20 மட்டும் ஊருக்குள்ள செலவாகுது, மீதி 80 வெளிய போயிடுது. அந்த 20 யாரு கைக்கு போச்சோ அவங்களும் அதுல அஞ்சுல ஒரு பங்க, அதாவது 4 மட்டும் உள்ள செலவு பண்றாங்க. இப்படியே கூட்டிக்கிட்டே போனா மொத்தம் 125 தான் வரும், அதாவது வந்த 100னால ஊருக்கு உண்டான வருமானம் 125. இப்ப இதையே திருப்பிப் போடுங்க, 80 உள்ள நிக்குது 20 மட்டும் வெளிய போகுது. 100, அப்புறம் 80, அப்புறம் 64, அப்புறம் 51ன்னு சுத்திக்கிட்டே வந்தா மொத்தம் 500. வெளியில இருந்து வந்தது ரெண்டு ஊருக்கும் ஒரே 100 தான், ஆனா ஒரு ஊர்ல 125, இன்னொரு ஊர்ல 500. பொருளாதாரப் பாடத்துல இத பெருக்கி விளைவுன்னு சொல்வாங்க. நிஜத்துல எந்த கிராமத்துலயும் 80 நிக்கறது ரொம்ப கஷ்டம், இது கணக்கு புரியறதுக்காக சொன்னது, ஆனா 20ல இருந்து 35க்கு, 40க்கு ஏத்தினாலே ஊரோட முகம் மாறிடும்.

உடனே சில பேர் அப்போ வெளியில இருந்து எதையும் வாங்கக்கூடாதுன்னு ஒரு முடிவுக்கு வந்துடுவாங்க, அது தப்பு. ஊர சுத்தி சுவர் கட்டினா விலைதான் ஏறும், தரம் குறையும், கஷ்டப்படறது அங்க இருக்கற ஏழைங்கதான். வெளிய போற காசுல எதை நம்மளே நல்லா செய்ய முடியும்னு பார்த்து அந்த ஓட்டைய மட்டும் அடைக்கணும். அப்படி பார்க்க ஆரம்பிச்சதும் முதல் முட்டுக்கட்டை வந்துடும்: அந்த வேலைய செய்ய நம்ம ஊர் பத்தாது.

இத வால்டர் கிறிஸ்டாலர்னு ஒரு ஜெர்மன் புவியியல் அறிஞர் 1933லயே தெளிவா எழுதி வச்சார். ஒவ்வொரு சேவைக்கும், ஒவ்வொரு கடைக்கும் அது தாக்குப்பிடிக்க குறைஞ்சபட்சம் இத்தன வாடிக்கையாளர் வேணும்னு ஒரு அளவு இருக்கு. மளிகைக் கடைக்கு சின்ன ஊர் போதும். ஆனா ஒரு மெஷின் ரிப்பேர் ஒர்க்‌ஷாப், ஒரு குளிர்பதன கிடங்கு, ஒரு கால்நடை டாக்டர், ஒரு மேல்நிலைப் பள்ளி, இதெல்லாம் ஒரு ஊர நம்பி நிக்க முடியாது. மாட்டு டாக்டர் ஒருத்தர் முழுநேரமா இருக்கணும்னா அவருக்கு நாள் பூரா வேலை இருக்கணும், அதுக்கு பத்து ஊர் மாடு வேணும். லாரி முழு லோடுக்குத்தான் கட்டுப்படியாகும், பாதி லோடுக்கு வந்தா வாடகைய நம்ம தலையில கட்டுவாங்க. பெரிய கம்பெனி வாங்க வந்தா வாரா வாரம் இத்தன டன், ஒரே தரம், ஒரே சைஸ்ல வேணும்னு கேப்பாங்க, ஒரு ஊரால அத கொடுக்கவே முடியாது. ஒவ்வொரு ஊரும் தனித்தனியா இந்த அளவுக்கு கீழ நின்னுக்கிட்டு எங்க ஊருக்கு எதுவுமே வரமாட்டேங்குதுன்னு சொல்லிக்கிட்டு இருக்கு, அதே நேரம் அந்த பத்து ஊரையும் கூட்டிப் பார்த்தா அளவு தாராளமா தாண்டியிருக்கும்!

அதனாலதான் வட்டாரம்ங்கற சைஸ் முக்கியமாகுது. வட்டாரம்னா மேப்புல கோடு போட்டு பிரிச்ச தாலுகா மாவட்டமாத்தான் இருக்கணும்னு கிடையாது. ஒரே வாய்க்கால்ல தண்ணி எடுக்கற ஊருங்க, ஒரே சந்தைக்கு போற ஊருங்க, ஒரே மாதிரி மண்ணு, ஒரே பயிர், ஒரே ரோடு, ஜனங்க ஏற்கனவே கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் போய் வந்து பழகின தூரம், அதுதான் இயற்கையான வட்டாரம். நிர்வாகக் கோடு அதுக்கு குறுக்க போறது நிறைய இடத்துல நடக்கும், அப்ப ரெண்டு ஆபீஸுக்கு அலையணும், அது பெரிய தலைவலிதான், ஆனா அதுக்காக கூட்ட அந்தக் கோட்டுக்குள்ளயே சுருக்கிடக் கூடாது.

அப்போ ஏன் ஊருங்க தானா சேர மாட்டேங்குதுன்னு கேக்கலாம். பக்கத்து ஊர்க்காரன்தான் நமக்கு போட்டின்னு நினைக்கறோம், அதான். ரெண்டு ஊர்லயும் ஒரே விளைச்சல், ஒரே வியாபாரி வர்றார், அந்த ஊர்ல இந்த விலைக்கு தர்றாங்களேன்னு இங்க சொல்வார், இங்க இந்த விலைக்கு தர்றாங்கன்னு அங்க போய் சொல்வார், ரெண்டு பக்கமும் விலை இறங்கும். ரெண்டு ஊரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கிட்டா அன்னைக்கே அந்த ஆட்டம் முடிஞ்சுடும், ஆனா பேச மாட்டாங்க.

பேசினா என்ன ஆகும்னு பார்க்க குஜராத்துல இருக்கற ஆனந்த் கதையவிட நல்ல உதாரணம் எனக்கு தெரியல. அங்க பிறந்த அமுல் எல்லாருக்கும் தெரியும், ஆனா அது எப்படி அடுக்கி கட்டினதுன்னு பல பேர் கவனிச்சிருக்க மாட்டாங்க, அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன். 1940கள்ல ஆனந்த் இருந்த கைரா மாவட்டத்துப் பால் பம்பாய்க்கு போய்க்கிட்டு இருந்துச்சு, வாங்கறது ஒரே ஒரு கம்பெனி, நடுவுல தரகருங்க. பால் ஒரு விசித்திரமான சரக்கு, கறந்த சில மணி நேரத்துல வித்தாகணும், வெயில்ல திரிஞ்சு போயிடும், அதனால விலை பத்தலன்னாலும் விவசாயியால நாளைக்கு விக்கறேன்னு சொல்ல முடியாது. பேரம் பேச நேரமே இல்லாதவன் எப்படி பேரம் பேசுவான்? 1946ல விவசாயிங்க சேர்ந்து அந்த கம்பெனிக்கு பால் ஊத்தறதில்லன்னு முடிவு பண்ணி 15 நாள் நிறுத்தினாங்க. தனி ஊர் நிறுத்தியிருந்தா அது ஒரு நாள் கூட செல்லுபடி ஆகியிருக்காது, வாங்கறவன் பக்கத்து ஊருக்கு போயிருப்பான். எல்லா ஊரும் சேர்ந்ததாலதான் பம்பாய்க்கு பால் தட்டுப்பாடு ஆச்சு. திரிபுவன்தாஸ் படேல் தலைமையில அந்த வருஷம் டிசம்பர்ல கூட்டுறவு ஒன்றியம் பதிவாச்சு. தொடங்கினப்ப ரெண்டே ரெண்டு ஊர் சங்கம், ஒரு நாளைக்கு சுமார் 250 லிட்டர் பால், அவ்வளவுதான். வர்கீஸ் குரியன் அங்க வந்து சேர்ந்தது 1949ல.

இதுல நான் கவனிக்கச் சொல்றது வேலைய பிரிச்ச விதத்த. ஊர் சங்கம் ஊரால முடிஞ்சத மட்டும் செய்யுது: காலையிலயும் சாயந்தரமும் பால அளந்து வாங்கறது, கொழுப்பு எவ்வளவுன்னு டெஸ்ட் பண்றது, அதுக்கு தகுந்த காசு கொடுக்கறது. பால குளிர வைக்கறது, பதப்படுத்தறது, கால்நடை டாக்டர் அனுப்பறது, இதெல்லாம் ஊரால முடியாது, அது மாவட்ட ஒன்றியத்தோட வேலை. விளம்பரம், பிராண்டு, தூர மார்க்கெட், இது ஒரு மாவட்டத்தாலயும் முடியாது, அதுக்கு மாநில அளவுல ஒரு கூட்டமைப்பு 1973ல வந்துச்சு. கீழ செய்ய முடியற வேலைய மேல இருக்கறவங்க எடுத்துக்கல, கீழ முடியாதத கீழ தள்ளவும் இல்ல. குளிர்காலத்துல எருமை நிறைய பால் கறக்கும், சந்தைக்கு அவ்வளவு தேவை இருக்காது, மிஞ்சறத என்ன பண்றதுன்னு பெரிய சிக்கலா இருந்துச்சு. எருமைப் பால்ல பவுடர் பண்ண முடியாதுன்னு வெளிநாட்டு நிபுணருங்க சொல்லிக்கிட்டு இருந்தப்போ தலாயாங்கற இன்ஜினியர் அத செஞ்சு காட்டினார், 1955ல ஆலை ஓட ஆரம்பிச்சுது. அந்த ஆலைய ஒரு கிராமம் கனவுலயும் கட்டியிருக்க முடியாது. அதே சமயம், விடியக்காலையில வரிசையில நிக்கற அம்மாவோட பால ஒழுங்கா அளந்து கையில காசு கொடுக்கற வேலைய ஒரு மாவட்ட ஆபீஸ் செஞ்சிருக்கவும் முடியாது.

சரி, சேர்றதுன்னா சேர்ந்துடலாமா? இங்கதான் சமூக மேம்பாடுங்கற ரெண்டாவது பாதி வருது. சமூக மேம்பாடுன்னா சமுதாயக் கூடம் கட்டறது, ரோடு போடறது, டேங்க் வைக்கறதுன்னு ஆகிப்போச்சு. அதெல்லாம் வேணும்தான். ஆனா அந்த வார்த்தையோட உயிர் வேற இடத்துல இருக்கு: ஜனங்க ஒண்ணா உட்கார்ந்து பேசி, ஒரு முடிவு எடுத்து, அத கடைசி வரைக்கும் நடத்தி, நடுவுல சண்டை வந்தா தீர்த்துக்கிட்டு, மறுபடியும் ஒண்ணா உட்கார முடியற திறமை. கூட்டு முயற்சிக்கு இதுதான் மூலதனம், பணம் அப்புறம் வரும். நான் படிச்ச தோல்விக் கதைங்கள்ல பாதிக்கு மேல பணம் வந்துட்டு இந்தத் திறமை வராம போனதுதான் காரணம்.

ஸ்பெயின்ல பாஸ்க் பகுதியில மோந்திரகோன்னு ஒரு மலையடிவார ஊர், உள்நாட்டுப் போர் முடிஞ்சு நொந்து கிடந்த காலம். 1941ல அரிஸ்மென்டியரியேட்டான்னு ஒரு இளம் பாதிரியார் அங்க வந்தார். அவர் வந்த உடனே தொழிற்சாலை ஆரம்பிக்கல, 1943ல ஒரு தொழிற்பள்ளி ஆரம்பிச்சார், ஜனங்ககிட்ட இருந்து திரட்டின காசுல. அதுல படிச்ச பசங்க அஞ்சு பேர் அடுப்பு, ஹீட்டர் செய்யற கம்பெனிய தொடங்கினது 1956ல. நடுவுல 13 வருஷம்! அந்த 13 வருஷமும் படிப்பு, விவாதம், ஒருத்தர ஒருத்தர் புரிஞ்சுக்கறது, அதுலயே போச்சு. 1959ல சொந்தமா ஒரு பேங்க், அந்த வட்டாரத்து ஜனங்களோட சேமிப்பு அந்த வட்டாரத்து கம்பெனிங்களுக்கே கடனா போறதுக்கு. முன்னாடி சொன்ன ஓட்டை வாளிய ஞாபகம் வச்சுக்கங்க, சேமிப்பு வெளிய போறதும் பெரிய ஓட்டைதான், கிராமத்து ஜனங்க போட்ட டெபாசிட் எங்கயோ ஒரு நகரத்துல கட்டடமா எழும்பும், அவங்களுக்கு கடன் கேட்டா கிடைக்காது. இப்படி பல கூட்டுறவுகள் சேர்ந்து ஒரு குழுமமா வளர்ந்துச்சு, பின்னாடி 2013ல அந்தக் குழுமத்துல பெரிய வீட்டுச் சாமான் கம்பெனி திவாலாச்சு, அதையும் சொல்லிடணும். ஆனா வேலை போன உறுப்பினர்கள்ல நிறைய பேர குழுமத்துல இருந்த மத்த கூட்டுறவுகள் ஏத்துக்கிச்சு. வலைப்பின்னலா இருந்ததோட பயன் அன்னைக்கு தெரிஞ்சுது.

கடன் பத்தி பேசும்போது ரைஃபைசன விட முடியாது. ஜெர்மனியில ஒரு சின்ன வட்டாரத்துக்கு மேயரா இருந்தவர், 1846-47 பஞ்சத்துல வசதியானவங்ககிட்ட நிதி திரட்டி மாவு வாங்கி, பொதுவா ஒரு அடுமனை வச்சு ஜனங்களுக்கு ரொட்டி கொடுத்தார். அப்புறமும் பல வருஷம் பணக்காரங்க தர்மத்த வச்சே சங்கங்கள் நடத்திப் பார்த்தார். தர்மம் செய்றவங்களுக்கு கொஞ்ச நாள்ல உற்சாகம் வத்திப் போயிடும், அது மனுஷ இயல்பு, யாரையும் குறை சொல்ல முடியாது. அதனால 1864ல கடன் வாங்கறவங்களே உறுப்பினரா, அவங்களே ஒருத்தருக்கு ஒருத்தர் ஜாமீனா இருக்கற சங்கத்துக்கு மாறினார். பரப்பளவ வேணும்னே சின்னதா வச்சார், ஒருத்தர ஒருத்தர் முகம் தெரிஞ்சிருக்கணும்னு. அப்புறம் பல சங்கத்தையும் இணைச்சு மேல ஒரு மைய பேங்க். மறுபடியும் பாருங்க, நம்பிக்கை வேண்டிய வேலை கீழ, அளவு வேண்டிய வேலை மேல.

இன்னொரு பழக்கத்தையும் மாத்தணும். எந்த ஊர்ல மீட்டிங் போட்டாலும் முதல் கேள்வி என்ன குறைன்னுதான் கேக்கறோம். தண்ணி இல்ல, வேலை இல்ல, பஸ் இல்லன்னு லிஸ்ட் நீளும், லிஸ்ட் முடியும்போது எல்லாரும் சோர்ந்து போயிருப்பாங்க, யாராவது வந்து செஞ்சு தரணும்ங்கற எண்ணம்தான் மிஞ்சும். 1990கள்ல அமெரிக்காவுல கிரெட்ஸ்மன், மெக்நைட்னு ரெண்டு பேர் இத தலைகீழா ஆரம்பிக்கச் சொன்னாங்க: நம்மகிட்ட என்ன இருக்குன்னு முதல்ல எழுதுங்க. யாருக்கு என்ன வேலை தெரியும், எந்த இடம் சும்மா கிடக்கு, எந்த சங்கம் ஏற்கனவே நடக்குது, யார் பேச்ச எல்லாரும் கேப்பாங்க. குறைய மறைக்கச் சொல்லல, வேலைய எங்க இருந்து தொடங்கறதுங்கறதுதான் மாறுது.

ஜப்பான்ல ஓயிட்டா மாநிலத்துல ஓயாமான்னு ஒரு மலைக்கிராமம். அரசாங்கம் நெல்லுதான் போடச் சொல்லுது, ஆனா மலைச்சரிவுல நெல்லுக்கு இடம் ஏது. 1961ல ஊர்க்காரங்க பிளம்ஸும் கஷ்கொட்டையும் நட ஆரம்பிச்சாங்க, நட்டு சம்பாதிச்சு ஹவாய் போவோம்னு ஒரு கோஷம் வேற! சரிவுங்கறது நெல்லுக்கு குறை, மரத்துக்கு அது குறையே இல்ல. இந்த மாதிரி ஊருங்கள பார்த்துத்தான் 1979ல அந்த மாநில கவர்னர் ஹிராமட்சு ஒரு ஊர் ஒரு பொருள்ங்கற இயக்கத்த தொடங்கினார். அதுல எனக்கு பிடிச்ச விஷயம், எந்த ஊர் எந்தப் பொருள செய்யணும்னு மேல இருந்து சொல்லல, ஊரே தேர்ந்தெடுக்கணும். மாநிலம் தொழில்நுட்ப உதவி, ஆராய்ச்சி, மார்க்கெட் பண்ற வேலைய பார்த்துக்கிச்சு. ஒவ்வொரு ஊரும் வேற வேற பொருள் செய்யும்போது பக்கத்து ஊர் போட்டியா தெரியறதும் குறையும். 2001ல தாய்லாந்து இத எடுத்து பெரிய அளவுல பண்ணுச்சு.

அப்போ வெளி உதவியே வேண்டாமான்னா, வேணும், ஆனா எப்படி வருதுங்கறதுல எல்லாம் இருக்கு. 1970ல தென்கொரியா அரசாங்கம் சுமார் 33,000 கிராமத்துக்கு, ஒவ்வொரு கிராமத்துக்கும் 335 மூட்டை சிமென்ட் கொடுத்துச்சு. ஒரே நிபந்தனை, ஊருக்கு பொதுவான வேலைக்கு பயன்படுத்தணும், என்ன வேலைங்கறத ஊர் முடிவு பண்ணிக்கலாம். கிட்டத்தட்ட பாதி ஊருங்க பாலம் கட்டினாங்க, பாதைய அகலப்படுத்தினாங்க, சொந்த உழைப்பும் நிலமும் போட்டாங்க. மீதி ஊருங்கள்ல பெருசா எதுவும் நடக்கல. அடுத்த வருஷம் நல்லா செஞ்ச ஊருங்களுக்கு மட்டும் 500 மூட்டை சிமென்ட்டும் 1 டன் கம்பியும் கொடுத்தாங்க. விட்டுப்போன ஊருங்களுக்கு ரோஷம் வந்துச்சு. இதுல கத்துக்க நிறைய இருக்கு, ஆனா அது ராணுவ தளபதியா இருந்து ஆட்சிக்கு வந்தவரோட காலம், அதிகாரிங்க நெருக்கடி, கட்டாயம் எல்லாம் கலந்துதான் அந்த இயக்கம் நடந்துச்சு, அத விட்டுட்டு பாராட்ட மட்டும் என்னால முடியல. பலவீனமான ஊருக்குத்தான் கை கொடுக்கணும், ஜெயிச்சவனுக்கே மேல மேல கொடுத்தா அது எங்க போய் முடியும்ங்கற கேள்வியும் எனக்கு இருக்கு.

ஐரோப்பிய ஒன்றியம் 1991ல இருந்து லீடர்னு ஒரு திட்டம் நடத்துது, அது வேற வழி. அங்க பணம் அமைச்சகத்துல இருந்து நேரா வேலைக்கு போறதில்ல, பல ஊர் சேர்ந்த ஒரு உள்ளூர் செயல் குழு அந்த வட்டாரத்துக்கு திட்டம் எழுதி எந்த வேலைக்கு எவ்வளவுன்னு முடிவு பண்ணும். 2014-2020 திட்ட காலத்துல வட்டாரத்தோட மக்கள்தொகை பொதுவா 10,000ல இருந்து 1,50,000 வரைக்கும்னு வச்சிருந்தாங்க. குழுவுல உள்ளாட்சி, விவசாயி, வியாபாரி, சங்கங்கள் எல்லாரும் இருப்பாங்க, முடிவு எடுக்கும்போது அரசு அமைப்புகளுக்கோ வேற எந்த ஒரு தரப்புக்கோ 49 சதவீதத்துக்கு மேல ஓட்டு இருக்கக்கூடாதுன்னு அந்த காலத்துல விதி இருந்துச்சு. இந்த 49ங்கற நம்பர் எனக்கு ரொம்ப அழகா படுது. யாராலயும் தனியா ஜெயிக்க முடியாது, அதனால எல்லாரும் மத்தவங்ககிட்ட பேசித்தான் ஆகணும். பேப்பர் வேலை ஜாஸ்தி, சின்ன குழுங்க ஃபார்ம் நிரப்பியே களைச்சுப் போறாங்கன்னு குறையும் உண்டு, அதுவும் நிஜம்.

சண்டை வந்தா என்ன பண்றது? வராம இருக்காது, பத்து ஊர் சேர்ந்தா பத்து விதமா வரும். எலினோர் ஆஸ்ட்ரம் அம்மா வாழ்நாள் பூரா இததான் ஆராய்ச்சி பண்ணினாங்க, காடு, மீன், பாசனத் தண்ணி மாதிரி பொதுச் சொத்த ஜனங்களே எப்படி அழியாம காப்பாத்தறாங்கன்னு. 2009ல பொருளாதாரத்துக்கான நோபல் வாங்கின முதல் பெண் அவங்கதான். ரொம்ப நாள் நிலைச்ச அமைப்புங்கள்ல அவங்க பார்த்த பொது அம்சங்கள எளிமையா சொன்னா, யார் உள்ள யார் வெளியங்கறது தெளிவா இருக்கும், விதிய அதுல வாழறவங்களே போட்டிருப்பாங்க, மேற்பார்வை பார்க்கறவங்க அவங்களுக்கு பதில் சொல்லணும், தப்பு பண்ணினா முதல் தடவை சின்ன தண்டனை அப்புறம் கூடும், சண்டைய சீக்கிரமா செலவில்லாம தீர்க்க ஒரு இடம் இருக்கும், பெரிய அமைப்புன்னா சின்ன சின்ன அமைப்பு அடுக்கடுக்கா உள்ள இருக்கும்.

அந்த சண்டை தீர்க்கற இடம் எப்படி இருக்கும்னு நேர்ல பார்க்கணும்னா ஸ்பெயின்ல வலென்சியாவுக்கு ஒரு வியாழக்கிழமை போகணும். கதீட்ரல் வாசல்ல மதியம் 12 மணிக்கு வட்டமா நாற்காலி போட்டு கறுப்பு அங்கி போட்ட 8 பேர் உட்காருவாங்க. அவங்க வக்கீலோ சட்டம் படிச்ச நீதிபதியோ கிடையாது, 8 வாய்க்காலோட விவசாயிங்க ஓட்டு போட்டு தேர்ந்தெடுத்த விவசாயிங்க. ஒவ்வொரு வாய்க்கால் பேரா கூப்பிட்டு புகார் இருக்கான்னு கேப்பாங்க. என் முறையில தண்ணி திருப்பிட்டான், வாய்க்கால சுத்தம் பண்ணல, இந்த மாதிரி. எல்லாம் வாய்ப்பேச்சுதான், அங்கயே விசாரணை, அங்கயே தீர்ப்பு. எந்த வாய்க்கால் மேல புகாரோ அந்த வாய்க்கால் பிரதிநிதி தீர்ப்பு சொல்றதுல சேர மாட்டார். பல நூறு வருஷமா இது நடக்குது, 2009ல யுனெஸ்கோ பண்பாட்டு மரபு பட்டியல்ல சேர்த்துச்சு. பல வாரம் ஒரு புகாரும் இருக்காது, சில நிமிஷத்துல எழுந்து போயிடுவாங்க, இருந்தாலும் அடுத்த வியாழக்கிழமை வந்து உட்காருவாங்க. அந்த நாற்காலி போடறதுதான் விஷயம், அது அங்க இருக்குன்னு தெரிஞ்சாலே பாதி சண்டை வாய்க்கால் கரையிலயே முடிஞ்சுடும்.

இப்ப எங்க உடையுதுன்னும் சொல்லிடறேன், ஏன்னா ஆசைய மட்டும் காட்டிட்டு போறது நியாயம் இல்ல. பெரிய ஊர் சின்ன ஊர முழுங்கிடும், ஆபீஸ் அங்க, கிடங்கு அங்க, வேலை அங்க, சின்ன ஊருக்கு மீட்டிங்குக்கு நடக்கற வேலை மட்டும். கமிட்டியில எப்பவும் பேசற அதே நாலு பேர் உட்காருவாங்க, நிலம் இல்லாதவங்களும் பெண்களும் ஓரமா நிப்பாங்க, அவங்களுக்கு பயன் போய்ச் சேரல்லன்னா அந்த வளர்ச்சிய எப்படி ஊர் வளர்ச்சின்னு சொல்ல முடியும்? மானியம் இருக்கற வரைக்கும் ஓடும், மூணாவது வருஷம் மானியம் நின்னதும் போர்டு மட்டும் தொங்கும். ஒருத்தர் தரம் குறைஞ்ச சரக்க கலந்தா பொது பேர் மொத்தமும் கெடும், கோம்தேக்காரங்க மாட்டு இனம், தீவனம், பால் எவ்வளவு தூரத்துல இருந்து வரலாம்ங்கறது வரைக்கும் விதி போட்டு கறாரா இருக்கறது அதுக்காகத்தான். எல்லாத்தையும் விட அதிகமா கொல்றது காட்டாத கணக்கு. திருட்டே நடந்திருக்க வேண்டியதில்ல, கணக்கு காட்டலன்னாலே சந்தேகம் வந்துடும், சந்தேகம் வந்தா கூட்டு அவ்வளவுதான்.

அதனால யாராவது உங்க பக்கத்துல இத தொடங்கணும்னு நினைச்சா, பெரிய திட்டத்துல ஆரம்பிக்காதீங்கன்னு கெஞ்சிக் கேட்டுக்கறேன். ரெண்டு மூணு ஊர் போதும், ஆனந்த்லயும் ரெண்டுதான். எல்லாருக்கும் வலிக்கற ஒரே ஒரு ஓட்டைய எடுங்க, ஒரு சீசனுக்குள்ள முடியக்கூடியதா. உரம் தனித்தனியா வாங்கறதுக்கு பதிலா சேர்ந்து ஒரே லோடா இறக்கறது மாதிரி ஒண்ணு. பேசி முடிவானத ரெண்டு வரியா எழுதி எல்லாரும் கையெழுத்து போடுங்க, யார் எவ்வளவு போட்டா, யார் வாங்கப் போறா, பணம் யார் கையில, ஒருத்தர் வாக்கு மாறினா என்ன செய்யறது. மீட்டிங்க ஒவ்வொரு தடவையும் வேற வேற ஊர்ல வைங்க, பெண்கள் வர முடியற நேரத்துல. லோடு இறங்கின அன்னைக்கே கணக்க ஒரு தாள்ல பெரிய எழுத்துல எழுதி ஒவ்வொரு ஊர்லயும் எல்லாரும் வந்து போற சுவத்துல ஒட்டுங்க, மொத்தம் எவ்வளவு, வண்டி வாடகை எவ்வளவு, மூட்டைக்கு எவ்வளவு மிச்சம், மீதி யார்கிட்ட இருக்கு. மறுநாள் அந்த தாள் முன்னாடி எத்தன பேர் நின்னு படிக்கறாங்கன்னு பாருங்க, அடுத்த மீட்டிங்குக்கு எத்தன பேர் வருவாங்கன்னு அதுலயே தெரிஞ்சிடும்.